மச்சான் கழுவிக் கொண்டுவந்த வண்டி

ஏறுங்க, நீங்களே ஓட்டுங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். ஏசி வேண்டாமுங்க, கண்ணாடிய எறக்கி விட்டுருங்க. ஏசியையும் போட்டு, பாட்டையும் போட்டு, சத்தம் தெரியாம வண்டிய விக்கற ஆளு நானில்லீங்க. அந்தா, பள்ளிக்கூடத்துக்கு முன்னால ஸ்பீடு பிரேக்கர் தெரியுதுங்களா? பிரேக் புடிக்காம அப்படியே ஏத்தி எறக்குங்க. பயப்படாம ஏத்துங்க. ம்… கேட்டுதுங்களா?

கேக்கலீல்ல. எனக்கும் கேக்கலீங்க. அதுதான் இப்பத்த வெசனமே.

மெதுவா ஓட்டுங்க, சொல்றேன். பொள்ளாச்சில இருந்து தாராபுரத்துக்கு இத்தன தூரம் வந்திருக்கறீங்க, வண்டிய எதுக்கு விக்கறீங்கன்னு நீங்க கேட்டது நாயம். ஏழு பேரு உக்கார்ற வண்டி, நாலு வருசமா ஒரே கை, வெளிய ஒரு கீறல் இல்ல. இத நான் விக்கறதுக்குக் காரணம் ஒரே ஒரு மனுசன். என் சம்சாரத்தோட அண்ணன். திருமூர்த்தின்னு பேரு, உடுமலைல இருக்கறான். எதிர்ல நின்னா மச்சான்னுதான் கூப்பிடுவேன், வாங்க போங்கன்னுதான் பேசுவேன். இப்ப அவன் எதிர்ல இல்லீங்களே.

தை மாசம் வந்து வண்டிய ரெண்டு நாளுக்குக் கேட்டானுங்க. அவன் சம்சாரத்துப் பக்கம் வால்பாறைல ஒரு கண்ணாலம். குடுத்தேன். கலாமணி மொகத்துக்காகக் குடுத்தேன். கலாமணிங்கறது என் சம்சாரம். ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தினான் பாருங்க, அப்பவே எனக்குச் சுருக்குன்னுது. ஏன்னு கேளுங்க. கழுவியிருந்தானுங்க. மேல மட்டுமில்ல, அடியெல்லாம் தண்ணி அடிச்சுக் கழுவி, உள்ள இருக்கற மேட்டெல்லாம் ஒதறிப் போட்டு, டீசல் ரொப்பி, முன்னால காஞ்சு கெடந்த எலுமிச்சம்பழத்த எடுத்துப்போட்டுப் புதுசு கட்டி விட்டிருந்தான். ஏனுங்க, ஒண்ணும் பண்ணாதவன் எதுக்குங்க அடியில கழுவறான்?

கலாமணிகிட்டச் சொன்னேன். "அண்ணன் எப்பவும் அப்படித்தானுங்க, வாங்குன பாத்தரத்தக்கூட வெளக்கித்தான் குடுக்கும்"னா. அண்ணனச் சொன்னா தங்கச்சிக்குப் பொறுக்காதில்லீங்களா. நானும் சரின்னு உட்டுட்டேன். நான் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளில்லீங்க.

மூணாம் நாள் சத்தம் வந்துது. பின்னால இருந்து, டொக்குன்னு.

நான் மோட்டார், பைப் யாவாரம் பண்றனுங்க. கெணத்துல எறக்கற மோட்டாரு. அன்னிக்கு மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல நாலு மோட்டாரை எறக்கிப்போட்டுத் திரும்பி வந்துட்டிருக்கறேன். பின் சீட்டையெல்லாம் மடக்கிட்டா இந்த வண்டி நல்லா எடுக்குமுங்க, உள்ள மோட்டாரு, மேல பைப்புக் கட்டு… ஏன் அப்படிப் பாக்கறீங்க? நம்ம வண்டில நாம ஏத்தறது வேறைங்க, பதனமாத்தான் ஏத்துவோம். நாலு வருசமா ஏத்தறேன், ஒரு சத்தம் வந்ததில்ல. அவன் கையில ரெண்டே நாள் இருந்துது, சத்தம் வந்துருச்சு. நீங்களே ரோசன பண்ணிப் பாருங்க.

போன் பண்ணினேன். "மச்சான், எங்காச்சும் குழில கிழில விட்டீங்களா?"ன்னு தன்மையாத்தான் கேட்டேன். ஒடனே பதில் வரலீங்க. ஒரு மூச்சு நேரம் ஆச்சு. அப்பறந்தான், "இல்லீங்க மாப்ள, பாத்துத்தான் ஓட்டுனேன்"னான். அந்த ஒரு மூச்சு இருக்குது பாருங்க, அதுலயே எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. குழில விட்டிருக்கறான். விட்டுப்போட்டு இல்லைங்கறான். அன்னிக்கே முடிவு பண்ணினேன், இத நாலு பேரு முன்னால அவன் வாயாலயே சொல்ல வெக்காம விடறதில்லைன்னு.

நம்ம கடைக்கு எதிர்ல அர்ச்சுனன்னு ஒரு மெக்கானிக்கு. பத்து வருசப் பழக்கம். கேட்ட நேரத்துல வண்டியத் தூக்கி வெச்சு, மளமளன்னு முடிச்சுக் குடுத்துருவான். அவனக் கொற சொல்லவே முடியாதுங்க. பாத்துட்டு, "ஷாக் அப்சார்பர் போயிருச்சுங்கண்ணா"ன்னான். பின்னாடி ரெண்டு ஷாக்கும் மாத்தினோம். வெளிய கொண்டுவந்தா டொக். அப்பறம் என்னமோ லிங்க்குன்னான், அதையும் மாத்தினோம். மறுபடியும் டொக். பங்குனில, "பின் அச்சைப் புடிச்சு நிறுத்தறதுக்கு நாலு கம்பி இருக்குதுங்கண்ணா, அது மொனையில ரப்பர் புஷ்ஷு தேஞ்சிருக்கும்"னான். நாலுல ஒண்ணு நல்லா இருக்குதுன்னு உட்டுட்டு, மூணு கம்பிக்குப் புதுசு போட்டான். இத்தோட தீந்துதுன்னு எடுத்துட்டு வந்தா, டொக்கோட கிறீச்சுன்னு இன்னொண்ணும் சேந்து வருதுங்க. கதவு கீல் எண்ணெயில்லாம கத்துற மாதிரி.

சத்தம் வர வர எனக்கு அவன் மூஞ்சிதான் தெரியும். பக்கத்துல கலாமணி உக்காந்திருப்பா. டொக்குன்னா அவளத் திரும்பிப் பாப்பேன். "உங்கண்ணன் கூப்பிடறான் பாரு"ம்பேன். அவ ரோட்டப் பாத்துட்டு வருவா. எங்களுக்கு ஒரு பொண்ணுங்க, தர்ஷிகான்னு, மூணு வயசு. அது என்ன பண்ணுச்சுன்னா, டொக்குன்னு கேட்டா கையத் தட்டி, "மாமா! மாமா!"ன்னு சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. கொழந்தைக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க, யாரு செஞ்ச வேலைன்னு.

இடது பக்கம் திருப்பிக்குங்க. ரோடு நல்லா இருக்கும்.

சித்திரைல அர்ச்சுனன் சொன்னான், "சத்தம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தாங்கண்ணா மேல பாக்க முடியும். ஒருத்தர் பின்னாடி டிக்கில படுத்துட்டுக் காத வெச்சுக் கேக்கோணும், ஒருத்தர் ஓட்டோணும்"னான். கனமான ஆளு படுத்தா சத்தம் மாறிப் போயிருமாம். அப்ப யாரு படுக்கறது? கலாமணிதான் ஒடுசலு. சொன்னேன். "ஏனுங்க, நான் போயி டிக்கில படுக்கறதுங்களா?"ன்னா. "உங்கண்ணன் செஞ்சதுக்கு வேற ஆரு படுப்பாங்க?"ன்னேன். சேலைய இழுத்துச் சொருவிக்கிட்டு ஏறிப் படுத்துட்டா. செல்போனக் குடுத்து, பதிவ ஆன் பண்ணி, தரையோட வெச்சுப் புடிச்சுக்கன்னேன்.

உச்சி வெயிலுங்க. பைபாஸ் வரைக்கும் போகப் பதினாலு ஸ்பீடு பிரேக்கர், வரப் பதினாலு. ஒண்ணு விடாம ஏத்தி எறக்கினேன். வந்து கதவத் தொறந்தா, எந்திரிக்கறா, கண்ணெல்லாம் செவசெவன்னு இருக்குது. "எந்தப் பக்கம்? இடமா வலமா?"ங்கறேன். "தெரியலீங்க"ங்கறா. "சத்தம் வந்துதா இல்லையா?" "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. போன்ல போட்டுக் கேட்டா, டொக்கு டொக்குன்னு அத்தனை சுத்தமா விழுந்திருக்குது! காதுகிட்ட வந்த சத்தம் கேக்கலையாம். அண்ணனக் காப்பாத்தறாளுங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைங்க.

அப்பறந்தான் வைகாசில காதுகுத்து வந்துது. எங்க குலசாமி கோயில்ல. உங்க ஊர்லயும் அதே மொறைதானுங்களே, தாய்மாமன் மடில உக்கார வெச்சுத்தான் புள்ளைக்குக் காது குத்தோணும். தோடு, துணிமணி, பழத்தட்டு எல்லாம் அவன் சீருதான். அங்கதான் நான் அடிச்சேன். அவனுக்குப் பத்திரிக வெக்கலீங்க. கலாமணிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தன் இருக்கறான், ரத்தினசாமின்னு, கூப்பிட்ட பக்கம் வர்ற ஆளு. அவன மடி போட்டு உக்காரச் சொன்னேன். தோடு நானே எடுத்தேன். செவப்புக் கல்லு வெச்சது, அரிசி மணியாட்டம் இருக்கும். கலாமணி மூணு நாளாச் சாப்பிடல. "ஏனுங்க, ஒரு வார்த்த கூப்பிட்டுருங்க, நான் வேற எதுவும் கேக்கலீங்க"ன்னா. குழில விட்டத ஒத்துக்கச் சொல்லு, நானே போயி மேளத்தோட கூட்டியாறேன்னேன்.

பத்திரிக வெக்காமயே வந்தானுங்க அவன்! வாடகை வேன் ஒண்ணு புடிச்சு, பன்னண்டு தட்டோட, சம்சாரம் புள்ளைங்களோட வந்து எறங்கி, கோயிலுக்கு வெளிய வேப்ப மரத்தடில நிக்கறான். உள்ளயும் வரல, திரும்பியும் போகல. தட்டத் தூக்கிப் புடிச்சிட்டு எல்லாரும் அங்கயே நிக்கறாங்க. ஒறம்பரை சனம் இருநூறு பேரும் என்னப் பாக்கறாங்க, அவனப் பாக்கறாங்க. ஆசாரி ஊசியோட உக்காந்துட்டாரு. நல்ல நேரம் போகுதுன்னாங்க. சரி குத்துங்கன்னேன். ரத்தினசாமி மடில வெச்சு ஒரு காதுல குத்தியாச்சு. புள்ள வீல்னு கத்துது. வேப்ப மரத்தப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டு, "மாமா, மாமா"ன்னு கத்துது.

எனக்கு எங்கிருந்து வந்துதோ ஆத்தரம். மைக்க எடுத்தேன். "ஒறம்பரை எல்லாரும் கேளுங்க, என் மச்சான் என் வண்டிக்குச் செஞ்ச சீரு இதுதான்"னு சொல்லி, செல்போன மைக்குகிட்ட வெச்சுப் பதிவப் போட்டுட்டேன்.

சிரிக்காதீங்க. கோயில் பூரா நாலு ஸ்பீக்கர் கொழாயிலயும் டொக்கு… டொக்கு… எப்படி இருந்துதுன்னு நெனைக்கறீங்க! சமையல்காரனெல்லாம் கரண்டியோட வெளிய வந்துட்டான். அஞ்சு மாசமா நான் மட்டும் கேட்டுட்டிருந்தத ஊரே கேட்டுதுங்க அன்னிக்கு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

ஒரே ஒரு கொறைங்க. பதிவுல நடுவுல நடுவுல வேற ஒரு சத்தம் கலந்திருந்துது. மூக்க உறிஞ்சற மாதிரி, தேம்பற மாதிரி. டிக்கில மண்ணு தூசு நெம்பங்க, மோட்டாரு ஏத்தறதுல்ல, அது தூசுல வந்தது. சின்னப் போன்ல கேட்டப்ப எனக்குத் தெரியவே இல்ல. மைக்குல வெச்சா டொக்கு கம்மியாவும் அது பெருசாவும் வருது. போட்டுட்டே இருக்கறேன், பொம்பளைங்க எல்லாம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க. எங்க பெரியம்மா எந்திரிச்சு, "ஏங்கண்ணு, ஆரு அதுல அழுகறது?"ன்னு கேட்டுப்போட்டாங்க. நான் நிறுத்திட்டேன்.

மச்சான் உள்ள வந்தான். வரட்டும், சண்டைக்கு வரட்டும்னு வேட்டிய மடிச்சுக் கட்டினேன். அவன் என்னப் பாக்கவே இல்லீங்க. நேரா கலாமணிகிட்டப் போனான். "எந்திரி அம்மணி, போலாம்"னான். அவ்வளவுதானுங்க அவன் பேசினது. அவ எந்திரிச்சா. ரத்தினசாமி மடில இருந்து புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா. ஆசாரி, "அம்மணி, இன்னொரு காது பாக்கியிருக்குதுங்களே"ங்கறாரு. திரும்பிப் பாக்கலீங்க. அந்தத் தட்டுங்களோட வேன்ல ஏறிப் போயிட்டா. பொண்டாட்டின்னா இப்படியாங்க? இருநூறு பேரு முன்னால என்ன நிறுத்திப்போட்டுப் போறது?

சரி, போகட்டும். இனி இத ஒரு மெக்கானிக்குகிட்ட எழுத்துலயே வாங்கி அவன் மூஞ்சில வீசாம விடறதில்லைன்னு, அடுத்த வாரமே கோயமுத்தூர் போனேன். உக்கடத்துல சகாயம்னு ஒருத்தர், வண்டிக்கு அடியில வர்ற வேலை மட்டுந்தான் பண்றாரு, எஞ்சின் பக்கம் போக மாட்டாரு. அவரு வண்டிய ஓட்டிக்கூடப் பாக்கலீங்க. அடில படுத்து லைட்டடிச்சுப் பாத்தாரு. பத்து நிமிசம். வெளிய வந்து, "யாருங்ணா இத மாட்டுனது?"ன்னாரு. அர்ச்சுனனச் சொன்னேன்.

"வண்டிய ஜாக்கில தூக்கி வெச்சு, சக்கரம் தொங்கறப்பவே போல்ட்ட முறுக்கிட்டாருங்ணா. எறக்கி வெச்சா ரப்பரு திருகிக்கிட்டேதான் நிக்கும், கத்தத்தான் செய்யும். சக்கரம் தரையில நிக்கோணும், வண்டி பாரம் மேல இருக்கோணும், கடைசி முறுக்கு அப்பறந்தான் போடோணும்"னாரு. அது சரி, அதுக்கு முன்னாலயே சத்தம் வந்துதேன்னேன். "பின்னாடி என்ன ஏத்துவீங்க?"ன்னாரு. மோட்டாருன்னேன். எத்தன வருசமான்னாரு. நாலுன்னேன். அவரு துணில கையத் தொடச்சுக்கிட்டாரு.

அப்பறந்தான் முக்கியமானதச் சொன்னாரு. "கம்பி நாலுல ஒண்ணு மட்டும் வேற கைங்ணா. நாலஞ்சு மாசம் முந்தி மாட்டுனது. அது ஒண்ணுதான் மொறையா மாட்டியிருக்குது"ன்னாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. நாலஞ்சு மாசம்னா தை. தைல வண்டி ஆரு கையில இருந்துது? அவன் கையில! சொல்லாமக் கொள்ளாம மாத்தியிருக்கறான்! அந்த ஒரு மூச்சு நேரம் ஏன்னு இப்பத் தெரியுதுங்களா? சகாயம் என்னமோ, "புஷ்ஷு முன்னாடியே தேஞ்சு போயிருக்கும், மலை ஏறுறப்ப உட்டிருக்கும். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னு அவரே மாத்திக் கொண்டாந்து நிறுத்தியிருப்பாரு"ன்னாரு. அத ஏனுங்க மறைக்கோணும்? நல்லது செஞ்சவன் மறைப்பானா? எழுதிக் குடுங்கன்னேன். எழுதிக் குடுத்தாரு. நாலில் ஒன்று சரியாக மாட்டப்பட்டுள்ளதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. ஏனோ சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு. சட்டப் பையிலதான் வெச்சிருக்கறேன், பாக்கறீங்களா?

கேக்காம ஒண்ணு பண்ணிப்போட்டாருங்க. மூணையும் தளர்த்தி, வண்டிய எறக்கி நிறுத்தி, மறுபடி முறுக்கி விட்டுட்டாரு. அரை மணி நேரம். அங்கிருந்து தாராபுரம் வர்ற வரைக்கும் ஒரு சத்தமில்ல. பல்லடத்துக்கிட்ட மோசமான ரோடு, வேணும்னே அதுல விட்டேன். ஒண்ணுமில்ல. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சுங்க. அந்தச் சத்தம் இருந்த வரைக்கும் எம்பக்கம் ஒரு சாட்சி இருந்துது. இப்ப இந்த வண்டிய வெச்சுக்கிட்டு நான் ஆர என்ன கேக்கறது?

அதுல வந்ததுதானுங்க விக்கற ரோசனை. வண்டி கலாமணி பேர்ல இருக்குது. அவளுக்கு இந்த வண்டின்னா உசுரு. விக்கப் போறேன், வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னு சொல்லி உட்டேன். பதறிக்கிட்டு ஓடி வருவா, அப்ப வெச்சுக்கலாம்னு பாத்தேன். மறுநாளே பஸ்ஸுல வந்துது கவரு. எல்லாப் பாரத்துலயும் கையெழுத்து, ஒண்ணு விடாம, அழகா. ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லீங்க உள்ள. அவளும் மூணு தடவ போன் பண்ணினா. நான் எடுக்கல. எடுத்தா எறங்கி வந்த மாதிரி ஆயிருமில்லீங்களா?

அவ எதுக்குக் கூப்பிட்டான்னு நேத்துதான் ரத்தினசாமி சொன்னான். இன்னிக்கு உடுமலைல, அவங்க கோயில்ல, புள்ளைக்கு ரெண்டாவது காது குத்தறாங்களாம். பத்தரைல இருந்து பன்னண்டு நல்ல நேரமாம். மச்சான் மடில வெச்சு.

நீங்க பொள்ளாச்சிக்கு உடுமலை வழியாத்தானே போகோணும்? வண்டிய எடுத்துக்குங்க, பேசுன பேச்சுத்தான், கவரு இந்தா இருக்குது. என்னையும் கூட்டிட்டுப் போயி அந்தக் கோயில்கிட்ட எறக்கி விட்டுருங்க. வாசலுக்குப் போக வேண்டாமுங்க, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. நான் சண்டைக்குத்தான் போறேன். பூ வாங்கவோ தட்டு வாங்கவோ நிறுத்தாதீங்க, அதெல்லாம் வேண்டாம். எழுதி வாங்குனத அவன் மூஞ்சில வீசிப்போட்டு பஸ் ஏறி வந்துருவேன்.

கையில என்னங்கறீங்களா? ஒண்ணுமில்லீங்க. தோடு. அன்னிக்கு ஆசாரி என் கையில குடுத்துட்டுப் போனது, அந்த இன்னொரு காதுக்கு. இதக் குடுக்கறதுக்கெல்லாம் போகலீங்க நான். கேட்டாக்கூடக் குடுக்க மாட்டேன். கொஞ்சம் வெரசா ஓட்டுங்க, மணி பத்தே முக்கால் ஆச்சு. அவன் தட்டுலயும் ஒரு ஜோடித் தோடு வெச்சிருந்தானுங்க. பழசக் கழட்டிப்போட்டு அவன் ஜோடியவே ரெண்டு காதுக்கும் போட்டுட்டாங்கன்னா, இந்த ஒத்தத் தோட்ட வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?